ஆம்ப்ளிஃபயரை மாற்றாதீர்கள், சோபாவை இழுங்கள்

கேள்வி: எங்கள் ஹால் 15 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். மேலே கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ். 11 அடிச் சுவரில் நடுவே டிவி, இரண்டு பக்கமும் ஷோகேஸ். இடது ஷோகேஸ் மூலையை ஒட்டி நிற்கிறது. வலதுபுறம் சமையலறை வழி இருப்பதால் அது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இரண்டின் தலையிலும், ஏறக்குறைய 7 அடி உயரத்தில், ஆறரை அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை வைத்திருக்கிறோம். பின்பக்கம் காற்றுத் துளை உள்ளவை. சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. ஆம்ப்ளிஃபயர் சேனலுக்கு 60 வாட். எண்பதுகளின் திரைப்பாடல் போட்டால் பேஸ் கிட்டாரில் சில சுரங்கள் மட்டும் ஹாலே அதிர முழங்குகின்றன. சில இருப்பதே தெரியவில்லை. குரல் தெளிவாக இல்லை, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் புரியவில்லை. டிவியை இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு மாறுங்கள், கேபிளையும் தடிமனாகப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? சப்வூஃபர் சேர்த்தால் சரியாகுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: மாற்ற வேண்டாம். 60 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 2 டெசிபலுக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். காதுக்கு அது ‘கொஞ்சம் கூட்டினார்களோ’ என்ற சந்தேகம். முழங்குகிற சுரம் அப்போதும் முழங்கும், இன்னும் கொஞ்சம் பலமாக.

கேபிளையும் இங்கேயே முடித்துவிடலாம். உங்கள் ஹாலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டருக்கு மேல் போகாது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். மனசு கேட்கவில்லை என்றால் 2.5. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரை மட்டும் தவிருங்கள். முனையைச் சீவும்போது ஒரு மெல்லிய இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் போய்விடலாம். இழைகளை முறுக்கிச் சொருகுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ‘சில சுரங்கள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ பழுது என்றால் பெரும்பாலும் ஒட்டுமொத்தமாகக் கெட்டிருக்கும். தேர்ந்தெடுத்துச் சில சுரங்களை மட்டும் பெருக்குவது அறையின் வேலை. குளியலறையில் முனகிப் பாருங்கள். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் குரல் திடீரென்று கனத்துப் பெருகும். உங்கள் ஹாலிலும் அதுதான் நடக்கிறது. ஹால் பெரியது என்பதால் அந்தச் சுரங்கள் இன்னும் கீழே, பேஸ் கிட்டார் இருக்கும் இடத்தில் விழுகின்றன.

எந்தச் சுரங்கள் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,140 அடி போகும். அதில் பாதி 570. அதை இரண்டு சுவர்களுக்கு இடையிலுள்ள அடிக்கணக்கால் வகுத்தால் அந்தத் திசையில் முழங்கும் முதல் அதிர்வெண் வரும். 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பு 76, மும்மடங்கு 114. 11 அடி அகலத்துக்கு 52. 10 அடி உயரத்துக்கு 57. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளை அப்படியே மீட்டினால் வருபவை 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். 73 உங்கள் ஹாலின் 76-க்குப் பக்கத்தில் இருக்கிறது; 55-ஓ 52-க்கும் 57-க்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்கும் முழக்கம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும்.

இந்த அலைகள் ஹால் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுவர் ஓரத்தில் உச்சம், சில இடங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, 76 ஹெர்ட்ஸை மெதுவான சத்தத்தில் ஓட விடுங்கள். 74-க்கும் 78-க்கும் இடையே நகர்த்தி, அதிகம் முழங்கும் எண்ணைப் பிடியுங்கள். சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள், விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுரம் வூஃபரைச் சூடேற்றும். இப்போது சோபா இருக்கும் சுவரில் தலையை ஒட்டி நின்றுவிட்டு டிவியை நோக்கி மெல்ல நடங்கள். மூன்றே முக்கால் அடியில் சத்தம் கரைந்துபோகும். ஹாலின் நடுவில் திரும்ப எழும். இன்னும் மூன்றே முக்கால் அடி போனால் மறுபடி மறையும். ஸ்பீக்கரைத் தொடவில்லை, வால்யூமைத் தொடவில்லை. இடம் மட்டும்தான் மாறியது. இதைக் கேட்டபின் கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் அமைப்பைப் பாருங்கள். மூலையில் வைத்த ஸ்பீக்கர் நீளம், அகலம் இரண்டின் முழக்கத்தையும் முழு வேகத்தில் கிளப்புகிறது. சுவரில் சாய்ந்து கேட்பவரின் தலையோ நீளவாட்டு முழக்கங்கள் அத்தனைக்கும் உச்சமான இடத்தில் இருக்கிறது. வாங்கியிருக்கும் சாமான் நல்ல சாமான். வைத்திருக்கும் இடம் இரண்டும் மோசம்.

முதலில் சோபா. தலை இருக்கும் இடம் பின்சுவரிலிருந்து 5 அடி 8 அங்குலத்தில் வருவது நல்லது. அது நீளத்தில் 38 சதவீதம். 38 ஹெர்ட்ஸும் 76 ஹெர்ட்ஸும் அங்கே ஓரளவு சமாதானமாக இருக்கும். ஹாலை அப்படிக் குறுக்கே மறிக்க வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் (சம்மதிக்க மாட்டார்கள்) தலை 3 அடியில் வரும்படி இழுங்கள். அந்த இடத்தில் 76 ஹெர்ட்ஸ் கணக்குப்படி 10 டெசிபல் குறைய வேண்டும். நிஜ ஹாலில் அந்த அளவுக்கு வராது என்றாலும் வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும். சோபாவுக்குப் பின்னால் நடக்க வழியும் கிடைக்கும். ஓர் அடி மட்டும் இழுத்தால் பிரயோசனம் குறைவு. 76 ஹெர்ட்ஸ் ஒரு டெசிபல்கூடக் குறையாது.

அடுத்து ஸ்பீக்கர். ஷோகேஸ் தலையிலிருந்து இறக்கியே ஆக வேண்டும், பேஸுக்காக மட்டும் அல்ல. ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கான சிறிய வட்டு) வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய வட்டு) ஒரே நேரத்தில் ஒலிக்கும் பகுதி பெரும்பாலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை. ஸ்பீக்கரை நேருக்கு நேர் கேட்டால்தான் இரண்டும் சேர்ந்து வரும். மேலிருந்தோ கீழிருந்தோ கேட்டால் ஒன்றை ஒன்று வெட்டும். சொற்களின் மெய்யெழுத்துகள் தெளிவது அந்தப் பகுதியில்தான். நீங்கள் 7 அடி உயரத்திலிருந்து வருவதை 3 அடி உயரத்தில் கேட்கிறீர்கள். குரல் மங்கியதில் ஆச்சரியமில்லை. இறக்கவே முடியாத வீடுகளில் ஸ்பீக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்பக்கம் கட்டை கொடுத்து, சோபாவை நோக்கிச் சாய்க்கலாம். ஒப்பேற்றும் வழிதான், விழாமல் கட்டி வையுங்கள்.

இறக்கிய பின் வைக்க வேண்டிய இடம்: இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, மையத்திலிருந்து மையத்துக்கு, ஆறரை அடி. பக்கச்சுவரிலிருந்து ஸ்பீக்கரின் மையம் 27 அங்குலம். டிவி சுவரிலிருந்து ஸ்பீக்கரின் முகம் 36 அங்குலம். ட்வீட்டர் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து 36, 37 அங்குலம்; அப்போது வூஃபரின் மையம் ஏறக்குறைய 31-இல் வரும். 27, 36, 31 என்று மூன்றும் வேறுவேறாக இருப்பதைக் கவனியுங்கள். அருகிலுள்ள பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி, அந்தத் தூரத்தைப் பொறுத்த ஒரு சுரத்தைப் பள்ளமாக்கும். டிவி சுவர் 3 அடியில் இருந்தால் 95 ஹெர்ட்ஸ் பக்கம் அந்தப் பள்ளம் விழும். மூன்று தூரமும் ஒன்றாக இருந்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து அந்தச் சுரத்தையே விழுங்கிவிடும்.

இப்படி வைத்து 5 அடி 8 அங்குலத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் காதிலிருந்து சுமார் 7 அடி. ஏறக்குறைய சமபக்க முக்கோணம். ஸ்டீரியோவுக்கு வேண்டியது இதுதான். தலை 3 அடியில் என்றால் முக்கோணம் நீண்டு, பாடகரும் கருவிகளும் பரவி நிற்பதுபோல் கேட்கும் மேடை சற்றுக் குறுகும். பேஸ் திருந்துவதற்குக் கொடுக்கும் விலை அது, கொடுக்கலாம். பிறகு இஞ்ச் டேப் எடுத்து, தலை இருக்கும் இடத்திலிருந்து இடது ட்வீட்டருக்கும் வலது ட்வீட்டருக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கண்ணளவை நம்ப வேண்டாம்.

இடமும் வலமும் ஒத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பேஸ் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றாகவே பதிவாகியிருக்கும். இரண்டும் பக்கச்சுவர்களிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் அகலவாட்டு 52 ஹெர்ட்ஸை ஒன்று தள்ள, மற்றது எதிர்த்துத் தள்ளும். முழக்கம் கிளம்பவே வழியில்லை. உங்கள் வீட்டில் ஒன்று மூலையிலும் மற்றது தள்ளியும் இருந்ததால் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. வலதுபுறச் சமையலறை வழி திறந்தே கிடக்கும் என்பதால் ரத்து முழுமையாக இருக்காது. கதவு இருந்தால் கேட்கும் நேரத்தில் சாத்திப் பாருங்கள்.

3 அடி முன்னால் நிற்கும் ஸ்பீக்கர் குழந்தைகள் ஓடும் ஹாலில் சரிப்படாது என்றால், தரையில் மாஸ்கிங் டேப்பால் இரண்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள்: கேட்கும்போது நிற்கும் இடம், மற்ற நேரத்தில் சுவரோரம். ஸ்டாண்டின் அடியில் கனமான ஃபெல்ட் துணி ஒட்டினால் டைல்ஸில் சத்தமின்றி நகரும். நகர்த்தவே முடியாதென்றால் குறைந்தது ஒன்றரை அடியாவது முன்னால் கொண்டுவந்து, பின்பக்கத் துளையில் சுருட்டிய காட்டன் சாக்ஸைச் சொருகுங்கள். சுவரோரத்தில் ஊதிப்போகும் பேஸ் சற்று அடங்கும். சிரிக்க வேண்டாம், சில கம்பெனிகளே ஸ்பீக்கரோடு ஃபோம் அடைப்பான் கொடுக்கின்றன.

அடுத்தது ஸ்பீக்கரைத் திருப்பும் கோணம். இரண்டும் நேராகக் காதைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். இதைச் சோதிக்க விலையுயர்ந்த ஆடியோஃபைல் சிடி எதுவும் வேண்டாம். எழுபதுகளுக்கு முந்தைய தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ பதிவுகள். அதில் ஒன்றைப் போட்டால் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், டிவி இருக்கும் இடத்திலிருந்து பாடுவதுபோல் நிற்க வேண்டும். எதிரொலி சேர்த்துச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய மறுவெளியீடுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். குரல் பரந்து பூசினாற்போல் இருந்தால் ஸ்பீக்கரை இன்னும் உள்ளே திருப்புங்கள். ‘ஸ’, ‘ச’ ஒலிகள் காதைக் குத்தினால் வெளியே திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு விரல் அளவு போதும். பெரும்பாலும், சோபாவிலிருந்து பார்த்தால் ஸ்பீக்கரின் உள்பக்கப் பலகை லேசாகத் தெரியும் நிலையில் அது நிற்கும்.

எவ்வளவு திருப்பினாலும் குரல் நடுவில் வராமல், தலையைச் சுற்றி அலைவதுபோல் இருந்து, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயரை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ‘எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியவில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இந்தச் சந்தேகம் பலமாகவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கூடவே ஆம்ப்ளிஃபயர் முகப்பில் ‘லௌட்னஸ்’ பட்டன் அமுங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். குறைந்த சத்தத்தில் கேட்பவருக்காக பேஸையும் ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலிகளை) தூக்கிக் கொடுப்பது அது. முழங்கும் அறையில் எரிகிற தீயில் எண்ணெய்.

இனி எதிரொலி. ஹால் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். ‘டர்ர்ர்’ என்று உலோகச் சாயலோடு வால் நீண்டால், எதிரெதிரே நிற்கும் வெற்றுப் பரப்புகள் ஒலியைப் பந்தாடுகின்றன. டைல்ஸுக்கும் தளத்துக்கும் நடுவிலும் இதுவே நடக்கும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையே 6 அடிக்கு 4 அடியாவது கனமான கம்பளம் வேண்டும். ஒற்றை ஜமுக்காளம் மிக உயர்ந்த ஒலியை மட்டும் கொஞ்சம் குடிக்கும், மற்றதை விட்டுவிடும். ஜமுக்காளம்தான் இருக்கிறது என்றால் அடியில் பழைய கம்பளியோ மெல்லிய மெத்தையோ விரித்து அதன்மேல் போடுங்கள்.

பக்கச்சுவரில் ஒலி பட்டுத் திரும்பி முதலில் காதுக்கு வரும் இடத்தைக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் முகம்பார்க்கும் கண்ணாடியைக் காது உயரத்தில் சுவரோடு நகர்த்தட்டும். ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். நான் மேலே சொன்ன அளவுகளின்படி, தலை 5 அடி 8 அங்குலத்தில் இருந்தால், டிவி சுவரிலிருந்து 4 அடி 10 அங்குலத்தில் வரும். அங்கே ஜன்னல் இருந்தால் கனத்த திரையை அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணியெடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். வெறும் சுவர் என்றால் புத்தக அலமாரி. புத்தகங்களை ஒரே வரிசையில் தட்டி அடுக்காமல் முன்னும் பின்னுமாக வையுங்கள். முறையாகச் செய்ய ஆசையென்றால் 2 அடிக்கு 4 அடி மரச்சட்டத்தில், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூலை 4 அங்குலக் கனத்துக்கு அடைத்து, காற்று புகும் பருத்தித் துணியால் மூடி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். அடைக்கும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை கிடந்தால் அதையும் இந்த வேலைக்கு வைக்கலாம். சோபாவுக்குப் பின்சுவரில் தலை உயரத்துக்கு நிறுத்தினால் குரல் தெளிவது உடனே தெரியும்.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். பிரயோசனம் இல்லை, தீப்பிடிக்கும். ஓர் அங்குல ஃபோம் ஓடுகள் ட்ரெபிளை மட்டும் குடித்துவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். ஹால் முன்பைவிட மந்தமாகக் கேட்கும்.

இத்தனைக்கும் அடங்காத ஒன்று பாக்கி இருக்கும்: உயரத்தால் வரும் 57 ஹெர்ட்ஸ். காதும் ஸ்பீக்கரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் இடம் மாற்றி அதைத் தப்ப முடியாது. ராக்வூல் பலகையும் அந்த ஆழத்துக்குப் பெரிதாக எட்டாது. இங்கேதான் ஈக்வலைசருக்கு (ஒவ்வோர் அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு) வேலை. கம்ப்யூட்டரிலிருந்து கேட்பவராக இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ மென்பொருளும் ஒலியை அளவெடுக்கும் மைக் ஒன்றும் போதும். எது எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். துருத்துவதைக் குறுகலாக 4, 5 டெசிபல் வெட்டுங்கள். பள்ளத்தை மட்டும் தூக்கிவிட முயலாதீர்கள். 6 டெசிபல் தூக்க ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் சுவரிலிருந்து திரும்பும் அலையும் கூடவே பெருத்து, பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

சப்வூஃபர் இப்போது வேண்டாம். முழங்கும் அறையில் இன்னொரு முழக்கக் கருவி எதற்கு? ஸ்பீக்கரும் சோபாவும் இடத்தில் அமர்ந்து ஒரு மாதம் கேட்டபின்பும் அடி ஆழம் போதவில்லை என்றால் வாங்குங்கள். வாங்கினால் அதை முதலில் சோபாவில், உங்கள் தலை இருக்கும் இடத்தில் வைத்துப் பாட விட்டுவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து போய் சுவரோரம் ஒவ்வொரு இடமாகக் கேளுங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வைக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர், மேலே ஸ்பீக்கர் என்று பிரித்துவிடுங்கள்.

டிவியின் ‘ம்ம்ம்’ தனிக் கதை. அது ஓடும்போதே செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் சட்டென நின்றால், கேபிள் ஒயரின் தரைத்தொடர்பும் உங்கள் வீட்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் உண்டாக்கியிருக்கிறது. அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம்தான் ஸ்பீக்கரில் கேட்கிறது. டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் ஒயர் போட்டால் உலோகத் தொடர்பே இல்லாமல் போய்ச் சத்தம் நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் வழி இல்லையென்றால் இடையில் டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் ஒரு சிறிய டாக் (DAC) பெட்டி வைக்கலாம். கழற்றியும் நிற்கவில்லை என்றால் டிவி, பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்தால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான், கூடவே ஷாக் அடிக்காமல் காக்கும் வழியும் போகும். செய்யாதீர்கள். ஃபேன் வேகத்தை நடுவில் வைக்கும்போது மட்டும் ‘ஸ்ஸ்ர்’ என்று வந்தால் குற்றவாளி பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். மின்தடையில் மட்டும் வந்தால் சைன்வேவ் அல்லாத இன்வெர்ட்டர்.

ஸ்டாண்டுக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதற்குக் கடைசியில்தான் பணம் செலவழிக்க வேண்டும். முதலில் இரண்டு ஸ்டூலின் மேல் புத்தகக் கட்டுகளை அடுக்கி, ஸ்பீக்கரை அந்த உயரத்தில் வைத்து, ஒரு வாரம் மேலே சொன்ன அளவுகளில் நகர்த்திக் கேளுங்கள். உயரமும் இடமும் தேறிய பிறகு வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம்: 3 அங்குலச் சதுர இரும்புக் குழாய், அடியில் 12-க்கு 14 அங்குலத் தகடு, மேலே ஸ்பீக்கரின் அடிப்பரப்பைவிட அரை அங்குலம் சிறிய தகடு. உங்கள் ஸ்பீக்கர் 14 அங்குல உயரம் என்றால் ஸ்டாண்ட் 26 அங்குலம் சரியாக வரும். குழாய்க்குள் சலித்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்த மணலை நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 5 கிலோ பிடிக்கும். ஈரமணல் போட்டால் ஒரு மழைக்காலத்தில் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். மேல் தகட்டின் நான்கு மூலையிலும் மெல்லிய ரப்பர் வட்டு ஒட்டி அதன்மேல் ஸ்பீக்கரை வையுங்கள்.